போடாத ஓட்டின் எடை

2023 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் செவிலியர்களிடையே ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் நடத்திய வேலைநிறுத்த வாக்கெடுப்பு முடிவுக்கு வந்தது. பெயரில்தான் கல்லூரி, நடைமுறையில் அது பிரிட்டனின் மிகப் பெரிய செவிலியர் சங்கம். வாக்களித்தவர்களில் 84 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் வேண்டும் என்றார்கள். ஆனால் வாக்குச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் 43 சதவீதம் பேர்தான். குறைந்தது 50 சதவீதம் பேர் வாக்களித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வேலைநிறுத்தம் இல்லை என்றாயிற்று. இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நூறு செவிலியர்கள் என்று வைத்துக்கொண்டால் 36 பேர் ஆம் என்றார்கள், 7 பேர் இல்லை என்றார்கள், 57 பேர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 57 பேரில் வேலைநிறுத்தத்தை எதிர்க்கும் இன்னும் ஏழு பேர் மெனக்கெட்டு 'இல்லை' என்று எழுதி அஞ்சலில் போட்டிருந்தால் வாக்குப்பதிவு 50-ஐத் தொட்டிருக்கும். 36-க்கு 14 என்ற கணக்கில் வேலைநிறுத்தம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். எதிர்ப்பவர் எதிர்த்து வாக்களித்தால் வேலைநிறுத்தம் நடக்கும், சீட்டைக் குப்பையில் போட்டால் நடக்காது. எந்தத் தேர்தல் முறையும் தன் வாக்காளரிடம் இப்படியொரு விசித்திரமான நடத்தையை எதிர்பார்க்கக் கூடாது. உறுப்பினர்களின் விருப்பத்தை அளக்கும் கருவி என்று சொல்லி 2016-ல் கொண்டுவரப்பட்ட இந்த வரம்பு, உண்மையில் விருப்பத்தை அளக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு சங்கத்தால் எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட முடிகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அதைவிட முக்கியமாக, பேசாமல் காத்திருப்பதற்கு அரசுக்கு ஒரு காரணத்தை அது கொடுக்கிறது.

பிரிட்டனில் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நூற்றாண்டுப் பின்னணி உண்டு. வேலைநிறுத்த உரிமை என்று அந்நாட்டுச் சட்டத்தில் எதுவும் எழுதப்பட்டதில்லை. வேலையை நிறுத்துவது ஒப்பந்த மீறல், அதைத் தூண்டும் சங்கம் முதலாளிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பதே பொதுச்சட்டத்தின் அடிப்படை. 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. சங்கத்தின் தலையில் விழுந்த இழப்பீடு 23,000 பவுண்டு. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் லேபர் கட்சியான தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் வேகமான வளர்ச்சியும், 1906-ன் தொழில் தகராறுகள் சட்டமும். அந்தச் சட்டம் தந்தது உரிமையை அல்ல, விலக்கை. தொழில் தகராறு தொடர்பாகச் செய்யும் செயலுக்காகச் சங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்ற காப்பு, அவ்வளவே. உரிமை என்றால் அதைப் பறிப்பதற்குப் பெரும் நியாயம் சொல்ல வேண்டும். விலக்கு என்றால் அதற்கு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். 1984-ல் மார்கரெட் தாட்சர் அரசு சேர்த்த நிபந்தனை இரகசிய வாக்கெடுப்பு. அதே ஆண்டு மார்ச்சில் தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமலேயே ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் சுரங்கத் தொழிலாளர் போராட்டம் தொடங்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், பின்னர் தனிச் சங்கமே கண்டார்கள். வாக்கெடுப்பு இல்லாமை அந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய பலவீனமாக முடிந்தது. 1993-ல் அடுத்த நிபந்தனை வந்தது. வாக்குச் சீட்டு உறுப்பினரின் வீட்டுக்கு அஞ்சலில் போக வேண்டும், அஞ்சலிலேயே திரும்ப வேண்டும். வேலையிடத்தில் பெட்டி வைத்து வாக்குப் பெறுவது அத்துடன் நின்றது.

ஆலை வாசலில் கைதூக்கி முடிவெடுக்கும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று இன்று பொறுப்புள்ள யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் பார்க்கக் கையைத் தூக்குவதிலுள்ள நிர்ப்பந்தம் கற்பனையல்ல. இரகசிய வாக்கைச் சங்கங்கள் முதலில் எதிர்த்தன, பிறகு அதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. 85, 90 சதவீத ஆதரவோடு வரும் ஒரு முடிவைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தால் அதன் மதிப்பே வேறு. ஒரு நாள்கூட வேலை நிற்காமல், வாக்கெடுப்பு முடிவு வெளியானதுமே தீர்ந்த தகராறுகள் ஏராளம். வேலைநிறுத்த வாக்கெடுப்பைப் பொதுத்தேர்தலின் குட்டி வடிவமாகப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள். தேர்தல் ஒரு கேள்வியை முடித்துவைக்கிறது, வேலைநிறுத்த வாக்கெடுப்போ ஒரு பேரத்தைத் தொடங்கிவைக்கிறது. நாங்கள் இந்த ஊதியத்தை ஏற்கத் தயாராக இல்லை, எங்களுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்புக்குச் சொல்லும் செய்தி அது. செய்தியின் தெளிவு கூடுமானால் இரு தரப்புக்கும் நல்லது.

2016-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அரசு சொன்ன நியாயம் வலுவில்லாததல்ல. 2011 நவம்பர் 30 அன்று ஓய்வூதிய மாற்றங்களை எதிர்த்து நடந்த பெரும் பொதுத்துறை வேலைநிறுத்தத்துக்கு யூனிசன் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் 29 சதவீதம் பேர். 2014 ஜூலையில் தேசிய ஆசிரியர் சங்கம் பள்ளிகளை மூடியது, அதற்கு ஆதாரமாகக் காட்டியது 2012-ல் 27 சதவீதம் பேர் வாக்களித்த ஒரு முடிவை. இரண்டு வருடப் பழைய ஆணை, நான்கில் ஒருவர் மட்டுமே பங்கேற்ற வாக்கு. வேலைக்கு விடுப்புப் போட்டுக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட தாய்க்கு இதை விளக்குவது எந்தச் சங்கத் தலைவருக்கும் கடினம். கன்சர்வேடிவ் கட்சி 2015 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தந்து வென்று, சட்டமாக்கி, 2017 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. எல்லா வேலைநிறுத்தங்களுக்கும் 50 சதவீத வாக்குப்பதிவு. அவசர மருத்துவம், பள்ளிக் கல்வி, தீயணைப்பு, போக்குவரத்து, எல்லைக் காவல் போன்ற முக்கியப் பொதுச்சேவைகளில் அதற்கு மேலும் ஒன்று: வாக்குரிமை பெற்ற எல்லோரிலும் 40 சதவீதம் பேர் ஆம் என்றிருக்க வேண்டும். வேலைநிறுத்த நோட்டீஸ் 7 நாளிலிருந்து 14 நாளாயிற்று. ஆணையின் ஆயுள் 6 மாதம். இந்த நான்கு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். அவை சேர்ந்து என்ன செய்தன என்பதுதான் கேள்வி.

அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பிரிட்டன் பொதுத்துறை ஊதியமே ஏற்படுத்திக் கொடுத்தது. 2011 முதல் இரண்டாண்டு ஊதிய முடக்கம், பிறகு 2017 வரை ஆண்டுக்கு 1 சதவீத உச்சவரம்பு. பத்தாண்டுத் தேய்மானத்துக்குப் பிறகு 2022 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு அது. செவிலியர், ஆசிரியர் ஊதியங்களை அங்கே ஊதிய மறுஆய்வுக் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. பரிந்துரைக்கு முன்பே அரசு தன் நிதி வரம்பை எழுதி அனுப்பிவிடும். இங்கிலாந்துச் செவிலியர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆண்டு கிடைத்தது 1,400 பவுண்டு உயர்வு. சங்கம் கேட்டது சில்லறை விலைப் பணவீக்கத்துக்கு மேல் 5 சதவீதம். இடைவெளி அவ்வளவு பெரியது. குறை எங்கும் ஒரே அளவில் இருந்தது. அதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆணையாக மாற்றும் திறன் ஒவ்வொரு சங்கத்துக்கும் வேறாக இருந்தது.

2023 ஜனவரியில் வெளியான ஆசிரியர் சங்க முடிவுகளைப் பாருங்கள். தேசியக் கல்விச் சங்கம் இங்கிலாந்தில் 53 சதவீத வாக்குப்பதிவோடு வென்றது. ஆம் என்றவர்கள் 90 சதவீதம். அதே மாதம், அதே பள்ளிகளில், அதே ஓய்வறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஆசிரியர்களிடம் நாஸுவ்ட் சங்கம் வாக்கெடுத்தது. அங்கும் பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். வாக்குப்பதிவு 42 சதவீதம், எனவே தோல்வி. தலைமை ஆசிரியர் சங்கமும் ஏறக்குறைய அதே வாக்குப்பதிவில் விழுந்தது. முதலாளி ஒருவரே, ஊதியக் குழு ஒன்றே, பணவீக்கமும் ஒன்றே. ஒரு சங்கத்தின் ஆசிரியர் பிப்ரவரியில் வெளியே நின்றார், மற்றவர் வகுப்பறைக்குள் போனார். இவர்களுக்கு ஊதியம் குறித்த கருத்து வேறு என்று கொள்ள ஆதாரமில்லை. வேறுபட்டது அமைப்பின் வலிமை. தேசியக் கல்விச் சங்கம் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிரதிநிதியை வைத்து, உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்து, சீட்டு வந்ததா, அனுப்பிவிட்டீர்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேயிருக்கும் ஒரு பெரும் இயந்திரத்தைக் கட்டியிருந்தது. நாஸுவ்ட்டும் அதைக் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலையில் திரும்ப வாக்கெடுத்தபோது பாதிக்கு மேல் வாக்குப்பதிவு வந்தது. அந்த ஆசிரியர்கள் ஆறு மாதத்தில் மனம் மாறியதாக யாரும் சொல்லவில்லை. மாறியது அஞ்சல் பெட்டி வரை போனவர்களின் எண்ணிக்கை.

அரசு ஊழியர்களின் கதை இன்னும் நீண்டது. பொதுச் சேவைகள் மற்றும் வணிகச் சேவைகள் சங்கம் 2018-ல் வாக்கெடுத்தபோது 85 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு, வாக்குப்பதிவு 42-ஐ நெருங்கி நின்றது. 2019-ல் வாக்குப்பதிவு 48-ஐ நெருங்கியது, ஆதரவு 79 சதவீதம். இரண்டும் தோல்வி. 2022-ல் துறைவாரியாகப் பிரித்து வாக்கெடுத்து, 126 இடங்களில் வரம்பைத் தாண்டினார்கள். இந்தத் துறைவாரி உத்தி 2022 நவம்பரில் செவிலியர் சங்கமும் கையாண்டதுதான். நாடு முழுவதையும் ஒரே வாக்கெடுப்பாக நடத்தினால், ஒரு சதவீதம் குறைந்தாலும் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு மருத்துவ நிர்வாகத்தையும் தனித்தனியாக எண்ணினால் கிடைத்தது மிச்சம். விளைவு, இங்கிலாந்தின் 215 தேசியச் சுகாதாரச் சேவை அமைப்புகளில் 102-ல் ஆணை கிடைத்தது. யூனிசனுக்கோ முதல் சுற்றில் எட்டு அமைப்புகளில் மட்டுமே, அதில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள். ஊதியம் தேசிய அளவில் தீர்மானிக்கப்படுகிறது. அதை எதிர்க்கும் உரிமையோ ஆற்றுக்கு இந்தக் கரை மருத்துவமனைக்கு உண்டு, அந்தக் கரைக்கு இல்லை. 1916-ல் தொடங்கிய செவிலியர் சங்கத்தின் வரலாற்றில் இங்கிலாந்தில் அதுவே முதல் வேலைநிறுத்தம். அந்த வரலாற்று நிகழ்வின் நிலப்படம், கோபத்தின் நிலப்படமாக இல்லாமல் வாக்குப்பதிவின் நிலப்படமாக அமைந்துபோனது.

வாக்குப்பதிவு ஏன் இவ்வளவு தாழ்வாக நிற்கிறது? சோம்பல், அக்கறையின்மை என்ற விடை சுலபமானது. வேறொரு விடையை எண்களே தருகின்றன. 2023 ஏப்ரலில் அரசு முன்வைத்த ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று செவிலியர் சங்கம் இணையம் வழியாக உறுப்பினர்களைக் கேட்டது. அது சட்டப்படியான வேலைநிறுத்த வாக்கெடுப்பு அல்ல என்பதால் அஞ்சல் கட்டாயமில்லை. 61 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 54-க்கு 46 என்று ஒப்பந்தம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, சீட்டு, உறை, அஞ்சல் தலை ஒட்டிய திருப்பு உறை என்று போனபோது 43. தேசியக் கல்விச் சங்கம் 2022 இலையுதிர்காலத்தில் இணையத்தில் எடுத்த முன்னோட்ட வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் பங்கேற்றார்கள், அஞ்சலில் வந்தது 53. முழு வேறுபாட்டையும் அஞ்சலின் தலையில் கட்ட முடியாதுதான். 2023 ஜூனில் செவிலியர்கள் களைத்திருந்தார்கள். மற்ற சங்கங்களில் பெரும்பாலானவை மே மாதத்துக்குள் ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டன, உயர்த்தப்பட்ட ஊதியமும் கைக்கு வரத் தொடங்கியிருந்தது. ஆனாலும் வாடகை வீடு மாறிக்கொண்டேயிருக்கும், இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்கப்போகும் இருபத்தைந்து வயதுச் செவிலியரிடம் அஞ்சல் பெட்டியைத் தேடிப் போகச் சொல்வது ஒரு தடைதான். அந்தத் தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்று சந்தேகிக்க ஒரு சம்பவம் இடம்தருகிறது. 2016 சட்டத்தை ஒட்டி, மின் வாக்கெடுப்பை ஆராயச் சர் கென் நைட் தலைமையில் அரசு ஓர் ஆய்வை நியமித்தது. 2017 டிசம்பரில் அறிக்கை வெளிவந்தது. அதன் பிறகு கன்சர்வேடிவ் அரசு அதைச் செயல்படுத்தவில்லை. அதே கட்சி 2022 செப்டம்பரில் தன் தலைவரை, அதன் மூலம் நாட்டின் பிரதமரை, இணையத்திலும் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாட்டில் தேர்ந்தெடுத்தது. லிஸ் டிரஸ் பிரதமராவதற்குப் பாதுகாப்பாக இருந்த ஒரு முறை, அடுத்த மாதம் செவிலியர்களின் கைக்கு வந்தபோது பாதுகாப்பற்றதாகிவிட்டது.

அஞ்சல் விதியின் விளிம்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அஞ்சல் ஊழியர்களே உதாரணம் ஆனார்கள். 2019-ல் ராயல் மெயில் ஊழியர்களின் வாக்கெடுப்பில் 76 சதவீத வாக்குப்பதிவு, 97 சதவீத ஆதரவு. ராயல் மெயில் அப்போது தனியார் கையில் இருந்தாலும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டு முகவரிக்குப் போகும் உறைகளை ஊழியர்கள் தங்கள் பட்டுவாடா அலுவலகத்திலேயே எடுத்துப் பிரித்து வாக்களித்தார்கள், சங்கம் அதை ஊக்குவித்தது என்று நிர்வாகம் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடை விதித்தது, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வரம்பைத் தாண்ட எவ்வளவு முயல்கிறார்களோ, அவ்வளவு வழக்குக்கு இடம் திறக்கிறது. இது சங்கச் செயலர்கள் அன்றாடம் நடக்கும் கயிறு.

இனி நாட்காட்டி. ஆறு மாத ஆயுள் என்பது பழைய ஆணையை வைத்துக்கொண்டு அரசை மிரட்டுவதைத் தடுக்கும் விதி, 2012-2014 ஆசிரியர் கதைக்குப் பதில். நடைமுறையில் அது எதிர்த்தரப்புக்குக் கையில் கிடைத்த கடிகாரம். செவிலியர் சங்கத்தின் முதல் வாக்கெடுப்பு 2022 நவம்பர் 2-ல் முடிந்தது. சங்கம் 2023 ஏப்ரல் 30 இரவிலிருந்து 48 மணி நேர வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது. ஆணை மே 1 நள்ளிரவோடு காலாவதியாகிறது என்று சுகாதார அமைச்சர் ஸ்டீவ் பார்க்லே நீதிமன்றம் போனார், வென்றார். மே 2-ன் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாயிற்று. 48 மணி நேரம் 28 ஆகக் குறைந்தது. இந்த வழக்கில் அமைச்சர் சட்டப்படி சரி. அரசியல் என்ன சொல்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கி, பிப்ரவரி கடைசி வரை ஊதியம் பற்றிப் பேசவே மாட்டோம் என்றிருந்த அரசுக்கு, ஆணை எந்தத் தேதியில் தானாக இறக்கும் என்பது தெரியும். திரும்ப வாக்கெடுத்தால் வாக்குப்பதிவு முதல் தடவையைவிடக் குறையக்கூடும் என்பதும் அனுபவத்தில் தெரியும். பயிற்சி மருத்துவர்களின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் 77, ஆகஸ்டில் 71, 2024 மார்ச்சில் 62, 2025 ஜூலையில் 55. முதல் மூன்று முறையும் ஆதரவு 98 சதவீதத்தில் அசையாமல் நின்றது. கடைசியில் 90. வாக்களித்தவர்களின் மனநிலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, வாக்குப்பதிவு மட்டும் படிப்படியாகச் சரிகிறது. 50-க்குக் கீழே விழும் நாளுக்காகக் காத்திருக்கும் முதலாளிக்கு இது நல்ல செய்தி, பேச்சுவார்த்தைக்குக் கெட்ட செய்தி. வாக்கெடுப்பு இருதரப்பையும் மேசைக்குக் கொண்டுவரும் கருவி என்று முன்பு சொன்னோம். வரம்பும் காலாவதியும் சேர்ந்து அதை ஒரு தரப்பு எழுந்து போகக் காத்திருக்கும் கருவியாக்கிவிட்டன.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதன்மையானது, பொதுச்சேவை நின்றால் பாதிக்கப்படுபவர் முதலாளி அல்ல, நோயாளியும் மாணவரும். ஆகவே உயர்ந்த அளவுகோல் நியாயமே என்பது. இந்த வாதத்தின் பாதியை ஏற்கலாம். மூன்றாம் நபருக்கு வரும் தீங்கு கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாக்குப்பதிவு வரம்பு அந்தத் தீங்கைத் தொடவேயில்லை. 51 சதவீத வாக்குப்பதிவில் நடக்கும் வேலைநிறுத்தத்தில் நோயாளிக்கு வரும் தீங்கு 49-ல் நடப்பதைவிடக் குறைவல்ல. உண்மையில் அதிகம், ஏனெனில் அதிகப்பேர் வெளியே நிற்பார்கள். தீங்கைக் குறைப்பது வேறு ஏற்பாடுகள். மனித உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே பணியைக் கைவிடுவதை 1992-ன் தொழிற்சங்கச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. தீவிர சிகிச்சை, புற்றுநோய் மருந்துச் சிகிச்சை போன்ற பிரிவுகளுக்கு 2022 டிசம்பரில் செவிலியர் சங்கம் விலக்கு அளித்தது. தீங்குதான் கவலை என்றால் பேச வேண்டியது இவற்றைப் பற்றி.

இரண்டாவது வாதம் ஜனநாயகம் பற்றியது. சிறுபான்மையினர் பெரும்பான்மையினரை இழுத்துச் செல்லக் கூடாது என்கிறார்கள். இதற்குச் சங்கங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், நாடாளுமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர் இந்த வரம்பைத் தாண்டுவார்கள் என்பது. 2015-ல் இந்தச் சட்டத்தை வாக்குறுதியாகத் தந்த கட்சி பெற்றது 36.9 சதவீத வாக்கு; வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. கேட்க நன்றாக இருந்தாலும் இது முழுமையான பதில் அல்ல. தேர்தலில் யாராவது ஒருவர் ஆட்சி செய்தே ஆக வேண்டும். வேலைநிறுத்தம் நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதைவிட வலுவான பதில் ஒன்று உண்டு. தேர்தல் முடிவு தோற்றவரையும் கட்டுப்படுத்தும், வேலைநிறுத்த வாக்கெடுப்பாலோ எந்தச் சட்டத்தின் மூலமும் யாரையும் வேலையை விட்டு வெளியே வரச் செய்ய முடியாது. 1988-க்குப் பிறகு, வராத உறுப்பினரைச் சங்கம் தண்டிக்கவும் முடியாது. வெளியே வருபவர் அன்றைய சம்பளத்தை இழக்கிறார். ஆகவே வேலைநிறுத்தத்துக்கு இரண்டாவது வாக்கெடுப்பு ஒன்று அன்று காலையிலேயே நடக்கிறது, அதில் போடும் ஓட்டுக்கு விலையும் உண்டு. ஆதரவில்லாத வேலைநிறுத்தம் அந்த இடத்தில் தானே உதிர்ந்துவிடும். வட அயர்லாந்து இதைக் காட்டுகிறது. 2016 சட்டம் அங்கே செல்லாது. 2019-ல் அங்கு செவிலியர்கள் வாக்களித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரவு, வாக்குப்பதிவு பாதியைத் தொடவில்லை. இங்கிலாந்தாக இருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். அங்கே ஆயிரக்கணக்கானோர் டிசம்பரில் வெளியே வந்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் நூறாண்டு வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். 2020 ஜனவரியில் அப்பகுதியின் சட்டமன்றமான ஸ்டார்மண்ட் சபை மீண்டதோடு, மற்ற பகுதிகளுக்கு இணையான ஊதியம் என்ற கோரிக்கையும் ஏற்கப்பட்டது. அந்த வேலைநிறுத்தத்தைச் சிறுபான்மையினரின் சதி என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்குச் சிக்கலானதாகத் தோன்றுகிறது. அது சங்கங்களின் நண்பர்களிடமிருந்தே வருகிறது. இந்த வரம்பு சங்கங்களை வலுப்படுத்திவிட்டது, சோம்பிக் கிடந்த கிளைகளை எழுப்பி, பட்டியலைத் திருத்தவைத்து, உறுப்பினரோடு நேரில் பேசவைத்தது. 2022-23 அலையில் வேலைநாள் இழப்பு 1989-க்குப் பிறகு காணாத அளவுக்குப் போனதற்கு அதுவும் காரணம் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 29 சதவீத ஆணைக்கு வராத மரியாதை 53-க்கும் 77-க்கும் கிடைத்தது. சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான விளைவு இது. ஆனாலும் இந்தப் பயிற்சிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய, பணமுள்ள, ஒரே இடத்தில் குவிந்து வேலை செய்யும் தொழிலின் சங்கங்கள் தேர்ச்சி பெற்றன. சிதறிக் கிடக்கும் சிறு பள்ளிகளின் ஊழியர், வீடு வீடாகப் போகும் பராமரிப்பு ஊழியர், நூறு அலுவலகங்களில் இருவர் மூவராக இருக்கும் எழுத்தர் ஆகியோரின் குறை, அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், 42-ல், 48-ல் நின்றுபோனது. ஊதியம் குறைவாக இருக்கும் இடமும் சங்கம் பலவீனமாக இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

வாக்குப்பதிவு வரம்பின் இந்த நோய் தொழிற்சங்கங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் பொதுவாக்கெடுப்புகளுக்கான தன் நெறிமுறையில், வராதவரை 'இல்லை' என்றவராக மாற்றிவிடுவதால் வாக்குப்பதிவு வரம்பே வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. இத்தாலியில் 2025 ஜூனில் தொழிலாளர் சட்டங்களை மாற்றக் கோரி நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆளும் தரப்பின் தலைவர்கள் எதிர்த்து வாக்களியுங்கள் என்று கேட்கவில்லை, வீட்டில் இருங்கள் என்றார்கள். வாக்குப்பதிவு 30 சதவீதத்தை ஒட்டி நின்று, எல்லாம் செல்லாமல் போனது. பிரிட்டனும் இதைப் பார்த்திருக்கிறது. 1979-ல் ஸ்காட்லாந்துத் தன்னாட்சி வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்ற விதியால் அது தோற்றது. இறந்தவர்கள் பெயரும் பட்டியலில் இருந்ததால், செத்தவர்கள் 'இல்லை' என்று வாக்களித்தார்கள் என்று அப்போது ஒரு கசப்பான நகைச்சுவை உலவியது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு, வீடு மாறியவர்கள் உண்டு.

ஆனால் ஸ்காட்லாந்தின் 40-க்கும் இன்றைய 50-க்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. மொத்த உறுப்பினரில் இத்தனை பேர் ஆதரிக்க வேண்டும் என்ற விதியில், எதிர்த்துப் போடும் ஓட்டு ஒருபோதும் ஆதரவுத் தரப்புக்கு உதவாது. கடுமையானது, பட்டியல் பிழையால் பாதிக்கப்படக்கூடியது என்றாலும் அது முன்னுக்குப் பின் முரணாகப் போவதில்லை. 2016 சட்டத்தில் சங்கங்கள் வெறுத்தவற்றில் இந்த 40 சதவீத விதியும் ஒன்று. வேல்ஸ் சட்டமன்றம் 2017-லேயே தன் பொதுச்சேவைகளுக்கு அதை நீக்கிவிட்டது. கணக்கின் கண்ணால் பார்த்தால், இரண்டு வரம்புகளில் அறிவுக்குப் பொருந்தியது அதுதான், பொருந்தாதது 50. அளவுகோல் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நேர்மையான தேர்வு, வாக்குப்பதிவை விட்டுவிட்டு ஆதரவை மட்டும் கேட்பது. அது 25-ஆ 30-ஆ என்று வாதிடலாம். 29 சதவீத வாக்குப்பதிவில் 78 சதவீத ஆதரவு என்ற 2011 முடிவு, மொத்தத்தில் 23 சதவீதமாகத் தோற்கும். 43-ல் 84 என்பது 36 சதவீதமாக வெல்லும். இந்த இரண்டு முடிவுகளும் வேறு வேறு எடையுள்ளவை என்பதை அப்படிப்பட்ட விதி கண்டுகொள்ளும். இப்போதுள்ள விதிக்கு இரண்டும் ஒன்றே.

2025 டிசம்பரில் அரச ஒப்புதல் பெற்ற வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் 2016-ன் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகிறது. நோட்டீஸ் 10 நாள், ஆணையின் ஆயுள் 12 மாதம். நாட்காட்டி விளையாட்டின் வேகம் இதனால் பாதியாகக் குறையும், அது நல்லது. 2023-ல் கன்சர்வேடிவ் அரசு கொண்டுவந்த குறைந்தபட்சச் சேவைச் சட்டமும் போய்விட்டது. முக்கியப் பொதுச்சேவைகளுக்கான 40 சதவீதமும் போய்விட்டது. 50 சதவீத வாக்குப்பதிவு மட்டும், மின் வாக்கெடுப்பு நடைமுறைக்கு வந்து நிலைபெறும் வரை நீடிக்கும். லேபர் அரசின் தர்க்கம் புரிகிறது. வாக்களிப்பது எளிதானால் வாக்குப்பதிவு தானே உயரும், பிறகு வரம்பை எடுப்பது யாருக்கும் உறுத்தாது. 2025 ஜூலையில் 3.6 சதவீத ஊதிய உயர்வு குறித்துச் செவிலியர் சங்கம் எடுத்த கருத்தறியும் வாக்கெடுப்பில் 56 சதவீதம் பேர் பங்கேற்று, 91 சதவீதம் பேர் நிராகரித்ததைப் பார்த்தால் அந்தக் கணிப்பு பொய்க்காது. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்டிவைக்கக் காரணமில்லை. வட அயர்லாந்தில் வாக்குச் சீட்டு இன்றும் அஞ்சலில்தான் போகிறது, அங்கே வாக்குப்பதிவு வரம்பு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. முதலில் எடுத்திருக்க வேண்டியது 50, எடுத்தது 40.